எண்ணிக்கையில் வராத ஹிட்டுகள்

1996 கடைசியிலும் 1997 தொடக்கத்திலும் அமெரிக்காவில் ரேடியோவைத் திருப்பிய பக்கமெல்லாம் ஒரே பாட்டுதான். நோ டவுட் குழுவின் 'டோன்ட் ஸ்பீக்'. பாடியவர் க்வென் ஸ்டெஃபானி. அதே குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த, இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த டோனி கனாலுடன் அவருக்கு இருந்த காதல் முறிந்த கதைதான் பாட்டு. பில்போர்ட் பத்திரிகையின் ரேடியோ பட்டியலில் பதினாறு வாரம் முதலிடம். ஆனால் அதே பத்திரிகையின் பெரிய பட்டியலான 'ஹாட் 100'-ஐ அந்த வருடங்களில் எந்த வாரம் புரட்டினாலும் இந்தப் பாட்டைக் காணமுடியாது. நூறாவது இடத்தில்கூட அது இல்லை.

யாரும் சதி செய்யவில்லை. கடையில் தனிப் பாட்டாக விற்பனைக்கு வராத எதுவும் ஹாட் 100-இல் இடம்பெறக் கூடாது என்பது அன்றைய விதி. 'டோன்ட் ஸ்பீக்' அமெரிக்கக் கடைகளுக்குத் தனியாக வரவில்லை. அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் ஹிட் பட்டியலையும் இன்றைய பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, "அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமா?" என்று பெருமூச்சு விடுவது சுலபம். உண்மையில் பாட்டைவிட அதிகமாக மாறியிருப்பது, பாட்டை எண்ணும் விதம்.

போனில் சொன்ன கணக்கு

ஹாட் 100 பிறந்தது 1958 ஆகஸ்ட் 4-ஆம் தேதி. கடை விற்பனை, ரேடியோ ஒலிபரப்பு இரண்டையும் கலந்து ஒரு வரிசை போடுவதுதான் அதன் வேலை. முப்பது வருடங்களுக்கு மேலாக இந்தத் தகவல் எப்படி வந்தது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். பில்போர்ட் ஆட்கள் இசைத்தட்டுக் கடைகளுக்குப் போன் போடுவார்கள். "இந்த வாரம் எது நல்லா போகுது?" என்பார்கள். கடைக்காரர் ஒரு வரிசை சொல்வார். எத்தனை விற்றது என்ற எண் கிடையாது. எது முன்னே, எது பின்னே என்பது மட்டும். கடைக்காரரின் ஞாபகமும் அதில் உண்டு, விருப்பு வெறுப்பும் உண்டு, கம்பெனி ஆள் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போன சரக்கும் உண்டு.

1991-இல் இந்தக் கதை முடிந்தது. கல்லாவில் பார்கோடைத் தேய்க்கும்போதே விற்பனை பதிவாகிவிடும் சவுண்ட்ஸ்கேன் என்ற முறை வந்தது. மே 25 இதழில் ஆல்பம் பட்டியலும், நவம்பர் 30 இதழில் ஹாட் 100-உம் அதற்கு மாறின. ரேடியோவில் எந்தப் பாட்டு எத்தனை முறை ஒலிக்கிறது என்பதையும் கணினியே கேட்டுக் குறித்துக்கொள்ள ஆரம்பித்தது.

அடுத்த சில மாதங்களில் பலருக்கும் தலை சுற்றியது. ஜூன் மாதமே லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்துக் காம்ப்டனைச் சேர்ந்த ராப் குழுவான என்.டபிள்யூ.ஏ. ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. செப்டம்பரில் கார்த் ப்ரூக்ஸின் நாட்டுப்புறப் பாணி ஆல்பம் நுழைந்த வாரமே முதலிடத்தில் உட்கார்ந்தது. 1992 ஜனவரியில் நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்', மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தை முதலிடத்திலிருந்து இறக்கியது. ஜனங்களின் ரசனை ஒரே வருடத்தில் தலைகீழாகிவிட்டதா என்ன? ராப்பையும் நாட்டுப்புறப் பாட்டையும் வாங்கியவர்கள் முன்பும் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். போன் கணக்கில் அவர்கள் சரியாக விழவில்லை.

சிங்கிளைப் பதுக்கிய கம்பெனிகள்

எண்ணும் இயந்திரம் சரியானதும், கம்பெனிகள் வேறு கணக்குப் போட ஆரம்பித்தன. நம் சினிமாக்காரர்கள் இன்று 'ஃபர்ஸ்ட் சிங்கிள்' என்று விடுகிறார்களே, அந்தச் சிங்கிள் அன்று கையில் பிடித்துப் பார்க்கிற பொருள். அட்டை உறைக்குள் ஒரு சின்ன கேசட், அல்லது ஒரு சிடி. விலை சில டாலர்கள். முழு ஆல்பம் சிடி என்றால் பதினைந்து டாலருக்கு மேல். ஒரு பாட்டுக்காக ஆசைப்படுகிறவனுக்கு அந்த ஒரு பாட்டை மட்டும் எதற்கு விற்க வேண்டும்? ரேடியோவில் விடாமல் ஒலிக்கச் செய்து, சிங்கிளைக் கடைக்கே அனுப்பாவிட்டால், அவன் வேறு வழியில்லாமல் ஆல்பத்தை வாங்கித்தானே ஆகவேண்டும்!

இதற்கு வழிகாட்டியவர் ராப் பாடகர் எம்.சி. ஹேமர். 1990-இல் 'யூ கான்ட் டச் திஸ்' பாட்டைச் சாதாரண சிங்கிளாக விற்காமல், பெரிய 12 அங்குல இசைத்தட்டாக மட்டும் விட்டார்கள். பாட்டு ஹாட் 100-இல் எட்டாவது இடத்தோடு நின்றது. ஆனால் ஆல்பமோ 21 வாரம் முதலிடத்தில் இருந்தது. பார்த்த மற்ற கம்பெனிகளுக்கு நாக்கில் எச்சில் ஊறாமல் இருக்குமா?

அதன் விளைவு பட்டியலில் ஓட்டைகளாக இன்றும் தெரிகிறது. 'ஃப்ரெண்ட்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் தலைப்புப் பாட்டு 1995-இல் ரேடியோவில் எட்டு வாரம் முதலிடம். தாமதமாகச் சிங்கிள் வந்ததால் ஹாட் 100-இல் பதினேழாவது இடம்தான். 1997-இல் வில் ஸ்மித்தின் 'மென் இன் பிளாக்' ரேடியோவில் முதலிடம்; ஹாட் 100-இல் இல்லவே இல்லை. 1998-இல் நடாலி இம்ப்ரூலியாவின் 'டோர்ன்' பதினோரு வாரமும், கூ கூ டால்ஸ் குழுவின் 'ஐரிஸ்' பதினெட்டு வாரமும் ரேடியோவில் கொடிகட்டிப் பறந்தன.

பட்டியலைப் பார்த்து ஜனங்களே சிரிக்கும் நிலை வந்த பிறகுதான் பில்போர்ட் இறங்கிவந்தது. 1998 டிசம்பர் 5 முதல், சிங்கிள் இல்லாவிட்டாலும் ரேடியோ கணக்கை மட்டும் வைத்து ஹாட் 100-இல் நுழையலாம் என்றார்கள். அதற்குள் 'டோர்ன்' அலை ஓய்ந்திருந்தது. அதன் உச்சம் 42 என்று பதிவாயிற்று. 'ஐரிஸ்' ஒன்பதாவது இடம் வரை வந்தது. பேக்ஸ்ட்ரீட் பாய்ஸின் 'ஐ வான்ட் இட் தட் வே' 1999-இல் ரேடியோ பலத்தில் மட்டும் ஆறாவது இடம் பிடித்தது. வெறும் ரேடியோவை வைத்தே முதலிடம் பிடித்த முதல் பாட்டு, 2000-இல் ஆலியா பாடிய 'ட்ரை அகைன்'.

ரசிகனின் பாக்கெட்டிலும் அடி விழுந்தது. பெரிய ஐந்து இசைக் கம்பெனிகள் சிடி விலை இறங்காமல் கட்டிக்காத்ததால், மூன்று வருடத்தில் மக்கள் 480 மில்லியன் டாலர் வரை அதிகமாகக் கொடுத்திருப்பார்கள் என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2000-இல் மதிப்பிட்டது. நாப்ஸ்டர் என்ற இணையச் சேவையில் இலவசமாகப் பாட்டு இறக்க ஒரு தலைமுறையே ஓடியதற்கு, இந்தக் கோபமும் ஒரு காரணம்.

ஏறிய பாட்டு, குதிக்கும் பாட்டு

தொண்ணூறுகளின் பாட்டுகள் பட்டியலில் படி ஏறின. 'மக்கரேனா'வைப் பாருங்கள். ஸ்பெயினின் செவில் பக்கத்திலிருந்து வந்த, நடுவயதுக்காரர்கள் இருவர், லாஸ் டெல் ரியோ என்ற பெயரில் 1993-இல் வெளியிட்ட பாட்டு. மயாமியைச் சேர்ந்த பேசைட் பாய்ஸ் அதில் ஆங்கில வரிகளைச் சேர்த்து, தாளத்தை மாற்றிப் புதுப்பித்தார்கள். கல்யாண வீடு, கூடைப்பந்து மைதானம், பள்ளிக்கூட விழா என்று கை நீட்டி, கை மடக்கி, இடுப்பை ஆட்டி அது பரவியது. முதலிடத்துக்கு வர 33 வாரம் ஆயிற்று. வந்தபின் 1996 ஆகஸ்ட் முதல் 14 வாரம் இறங்கவில்லை. அந்த மாதம் சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் பிரதிநிதிகள் கூட்டமாக அதை ஆடினார்கள். துணை ஜனாதிபதி அல் கோர், தன் மக்கரேனாவை ஆடிக் காட்டுவதாகச் சொல்லிவிட்டு, அசையாமல் மரம் மாதிரி நின்று சபையைச் சிரிக்க வைத்தார். ஒரு பாட்டு மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்ததால்தான் அந்தச் சிரிப்பு எல்லோருக்கும் புரிந்தது.

நுழைந்த வாரமே முதலிடம் என்பது 1995 வரை ஹாட் 100-இல் நடக்கவே இல்லை. அந்த செப்டம்பரில் மைக்கேல் ஜாக்சனின் 'யூ ஆர் நாட் அலோன்'தான் அதை முதலில் செய்தது. இன்றோ அது வாராந்தரச் செய்தி மாதிரி ஆகிவிட்டது. டெய்லர் ஸ்விஃப்ட்டின் 'வில்லோ' 2020 டிசம்பரில் முதலிடத்தில் நுழைந்து, அடுத்த வாரமே கிறிஸ்துமஸ் பாட்டுகளின் வெள்ளத்தில் 38-ஆம் இடத்துக்குப் போனது. அதே வருடம் அக்டோபரில் டிராவிஸ் ஸ்காட், யங் தக் ஆகியோருடன் 'ஃப்ரான்சைஸ்' பாட்டில் சேர்ந்து பாடி முதலிடத்தில் நுழைந்தவர் எம்.ஐ.ஏ.; யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் லண்டனிலும் வளர்ந்த மாதங்கி அருள்பிரகாசம். ஆனால் இதே எம்.ஐ.ஏ.வின் பெயரைச் சொன்னால் உலகம் முணுமுணுப்பது, 2008-இல் நான்காவது இடத்தோடு நின்ற 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டைத்தான்.

வாங்கினால் ஒன்று, கேட்டால் நூறு

1997 செப்டம்பரில் இளவரசி டயானாவின் இறுதிச் சடங்கில் எல்டன் ஜான் பாடிய 'கேண்டில் இன் த விண்ட்' அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் வாரமே சுமார் 34 லட்சம் பிரதி போனது. துக்கத்தில் வாங்கினார்கள், வருமானம் டயானாவின் நினைவு நிதிக்குப் போகிறது என்று வாங்கினார்கள். வாங்கியவர்களில் எத்தனை பேர் அதை மறுமுறை போட்டுக் கேட்டார்கள் என்று பட்டியலுக்குத் தெரியாது. மறுபக்கம், ஒரு கேசட்டை நாடா தேயும்வரை ஆயிரம் முறை கேட்டவனும் அந்தக் கணக்கில் ஒன்றுதான்.

இன்று இது அப்படியே புரண்டுவிட்டது. 2005-இல் டவுன்லோடும், 2007-இல் ஸ்ட்ரீமிங்கும், 2013 பிப்ரவரியில் யூடியூபும் ஹாட் 100 கணக்கில் சேர்ந்தன. யூடியூப் சேர்ந்த வாரமே 'ஹார்லெம் ஷேக்' முதலிடத்தில் குதித்தது. இப்போது எண்ணப்படுவது கேட்கும் பழக்கம். ஸ்பாட்டிஃபையில் முப்பது நொடி ஓடினால் ஒரு கணக்கு. அதனால் பாட்டின் உடம்பே மாறுகிறது. 1992-இல் மூன்றாவது இடம் வரை வந்த கன்ஸ் அண்ட் ரோஸஸின் 'நவம்பர் ரெய்ன்' ஏறக்குறைய ஒன்பது நிமிடம். 2019-இல் 19 வாரம் முதலிடத்தில் இருந்த லில் நாஸ் எக்ஸின் 'ஓல்ட் டவுன் ரோட்' முதலில் வந்தபோது இரண்டு நிமிடம்கூட இல்லை. எண்பதுகளின் நடுவில் இருபது நொடிக்கு மேல் இருந்த முன்னிசை, 2015 வாக்கில் சராசரி ஐந்து நொடியாகச் சுருங்கிவிட்டதாக ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று காட்டியது. விரல் அடுத்த பாட்டுக்குத் தாவுவதற்குள் குரல் வந்தாக வேண்டும்!

இன்னொரு மாற்றமும் உண்டு. அன்று ஆல்பத்திலிருந்து கம்பெனி தேர்ந்தெடுத்த மூன்று நான்கு பாட்டுகள்தான் போட்டிக்கு வரும். இன்று ஆல்பத்தின் எல்லாப் பாட்டுகளும் நள்ளிரவில் ஒன்றாகக் களத்தில் இறங்குகின்றன. 2022-இல் 'மிட்நைட்ஸ்' ஆல்பம் வந்த வாரம் முதல் பத்து இடங்களும் டெய்லர் ஸ்விஃப்ட்டுக்கே போயின.

புதிய முறையைத் திட்டி முடித்துவிடவும் முடியாது. மரையா கேரியின் 'ஆல் ஐ வான்ட் ஃபார் கிறிஸ்துமஸ் இஸ் யூ' வந்தது 1994-இல். சிங்கிளாக விற்கப்படாததால் அன்று ஹாட் 100-க்குள் வர அதற்கு அனுமதியே இல்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் ஜனங்கள் அதைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். கேட்பதை எண்ண ஆரம்பித்த பிறகு, 2019-இல், 25 வருடம் கழித்து முதலிடம் கிடைத்தது. 'மக்கரேனா'வுக்குப் பின் ஸ்பானிஷ் பாட்டு ஒன்று முதலிடம் வர 2017-இன் 'டெஸ்பசீடோ' வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆங்கில ரேடியோவின் தயவு இல்லாமலே இன்று ஸ்பானிஷ், கொரியப் பாட்டுகள் மேலே வருகின்றன. பழைய பட்டியலில் விழாத ரசிகர்கள் இன்று விழுகிறார்கள்.

தில்லுமுல்லு மட்டும் இரண்டு காலத்துக்கும் பொது. அன்று முதலிடத்துக்காகச் சிங்கிளை அரை டாலருக்குத் தள்ளிவிட்டார்கள். பின்னாளில் டி-ஷர்ட்டோடு ஆல்பத்தைக் கட்டி விற்றார்கள். அது எல்லை மீறியதால் 2020-இல் பில்போர்ட் அந்த விற்பனையை எண்ணுவதை நிறுத்தியது. இன்று ரசிகர் பட்டாளமே ராத்திரி முழுக்க ஒரே பாட்டை ஓடவிடுகிறது.

ஆகவே, ஒரு பத்தாண்டின் இசையைத் தெரிந்துகொள்ள அந்தக் காலத்து முதலிடங்களை மட்டும் வரிசையாகக் கேட்டால், பாதிக் கதைதான் கிடைக்கும். அந்த வரிசை பாட்டின் தரத்தைச் சொல்வதைவிட, பாட்டு எப்படி விற்கப்பட்டது என்பதையே அதிகம் சொல்கிறது. இன்று நம் ஊர் போஸ்டர்களில் 'பத்துக் கோடி வியூஸ்' என்று போடுகிறார்களே, அதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். எண்ணைப் பார்த்தவுடன் கைதட்டாதீர்கள். அதை எண்ணியது யார், எதை எண்ணினார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்று முதலில் கேளுங்கள்.