தட்டைத் தட்டிப் பார்த்தால் போதுமா?

முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகளில் ஓரிருவர் பெயர் சொல்லி அழைத்தால் உடனே திரும்ப மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் எழுவதைப் பார்த்துத் தாமும் எழுவார்கள். ‘கவனம் இல்லை’, ‘மந்தம்’ என்று நாம் எளிதாக முடிவு கட்டிவிடுகிறோம். சிலருக்கு உண்மையான காரணம் செவித்திறன் குறைபாடாக இருக்கும். பிறக்கும் 1,000 குழந்தைகளில் 1 முதல் 3 குழந்தைகளுக்கு நிரந்தரக் கேட்டல் குறை இருப்பதாகப் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். அதை ஐந்து வயதில் பள்ளியில் கண்டறிவதைவிட, ஐந்து மாதத்தில் வீட்டில் கண்டறிவது அந்தப் பிள்ளையின் வாழ்க்கையையே மாற்றும்.

ஒலிக்குக் குழந்தை காட்டும் எதிர்வினை

தாயின் வயிற்றில் இருக்கும்போதே, கடைசி மூன்று மாதங்களில், குழந்தைக்கு ஒலிகள் கேட்கத் தொடங்குகின்றன. அதனால்தான் பிறந்த சில நாட்களிலேயே தாயின் குரலை அது அடையாளம் காண்கிறது.

பிறந்தது முதல் 3 மாதம் வரை: கதவு படீரென்று சாத்தினால் திடுக்கிடும், கண் இமைக்கும், அல்லது பால் குடிப்பதைச் சற்று நிறுத்தும். அழும்போது பழகிய குரல் கேட்டால் அமைதியாகும்.

4 முதல் 6 மாதம்: ஒலி வரும் பக்கம் கண்ணைத் திருப்பும், பிறகு தலையையும் திருப்பும். கிலுகிலுப்பையை ரசிக்கும்.

7 முதல் 10 மாதம்: ‘பாபாபா’, ‘மாமாமா’ என்று அசைகளை அடுக்கும். பெயர் சொன்னால் திரும்பும்.

ஒரு வயதையொட்டி: ‘டாட்டா சொல்லு’, ‘வேண்டாம்’ போன்றவை புரியும். முதல் சொற்கள் வரும்.

2 வயது: ‘அம்மா வா’, ‘பால் தா’ என இரு சொற்களைச் சேர்க்கும்.

ஓரிரு வாரம் முன்பின் ஆவது இயல்பு. ஆனால் 6 மாதமாகியும் ஒலி வரும் பக்கம் திரும்பாவிட்டாலும், 10 மாதமாகியும் அசைகளை அடுக்காவிட்டாலும், வந்த மழலை நின்றுபோனாலும் காத்திருக்கக் கூடாது.

வீட்டில் ஏன் தெரிவதில்லை?

சந்தேகம் வந்தால் பெரும்பாலான வீடுகளில் எவர்சில்வர் தட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். குழந்தை திரும்பினால் ‘காது நன்றாகக் கேட்கிறது’ என்று விட்டுவிடுவார்கள். குழந்தை கையின் அசைவைப் பார்த்தோ, தரையில் வரும் அதிர்வை உணர்ந்தோ திரும்பியிருக்கலாம்.

இன்னொன்று, பல பிள்ளைகளுக்குக் கேட்டல் முழுவதும் இல்லாமல் போவதில்லை. தவில் சத்தமும் பேருந்து ஹாரனும் கேட்கும். ‘ச’, ‘ஸ’ போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காது. சத்தம் கேட்கிறது, பேச்சு புரிவதில்லை.

மூன்றாவது, காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் ‘ங்கா’ என்று ஒலி எழுப்பும், சிரிக்கும். தன் குரலே தனக்குக் கேட்காததால் பிறகு அது குறைந்துபோகும். அப்போதும் பாட்டி சொல்வார்: “இவன் அப்பனும் மூணு வயசுலதான் வாய் தொறந்தான்.” இந்த ஆறுதல் வார்த்தையில் இரண்டு ஆண்டுகள் போய்விடுகின்றன.

யாருக்குக் கூடுதல் கவனம்?

1.5 கிலோவுக்கும் குறைந்த எடையில் பிறந்தவர்கள், பிறந்தவுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாட்கள் இருந்தவர்கள், கடுமையான மஞ்சள் காமாலைக்கு ரத்தம் மாற்றப்பட்டவர்கள், மூளைக்காய்ச்சல் வந்தவர்கள், குடும்பத்தில் காது கேளாதோர் உள்ளவர்கள், நெருங்கிய உறவில் மணந்த பெற்றோரின் குழந்தைகள் ஆகியோரைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் தாய்க்கு ரூபெல்லா வந்தாலும் குழந்தையின் செவி பாதிக்கப்படும். 2017-இல் நம் பள்ளிகளில் போடப்பட்ட தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியின் நோக்கங்களில் இதைத் தடுப்பதும் ஒன்று. இந்தக் காரணங்கள் எதுவுமே இல்லாத குழந்தைக்கும் குறை இருக்கலாம்.

பரிசோதனை எளிது

ஓ.ஏ.இ. என்ற பரிசோதனையில், தூங்கும் குழந்தையின் காதில் சிறு கருவியை வைத்து மெல்லிய ஒலி அனுப்புவார்கள். உள்காது நலமாக இருந்தால் அது மிக நுண்ணிய எதிரொலியைத் திருப்பி அனுப்பும். சில நிமிடங்களில் முடிந்துவிடும், வலி கிடையாது. இதில் தேறாவிட்டால் காது கேட்காது என்று பொருளல்ல. பிறந்த குழந்தையின் காதில் உள்ள நீர்மம்கூடக் காரணமாகலாம். மறுபடியும் பார்த்து, தேவையானால் ‘பெரா’ பரிசோதனை செய்வார்கள். ஒலி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று அது காட்டும். தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைகளுக்கு ‘பெரா’வும் அவசியம். பிறந்தபோது தேறிய குழந்தைக்கும் பின்னாளில் குறை வரலாம் என்பதால் பெற்றோரின் கவனிப்பு தொடர வேண்டும்.

நாட்கள் ஏன் முக்கியம்?

ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்துதல், 6 மாதத்துக்குள் சிகிச்சையும் பயிற்சியும் என்பதே உலகெங்கும் பின்பற்றப்படும் இலக்கு. மொழிக்கான மூளைப் பாதைகள் முதல் சில ஆண்டுகளில்தான் வேகமாக உருவாகின்றன. அமெரிக்காவின் கொலராடோவில் 1998-இல் வெளிவந்த ஆய்வு, 6 மாதத்துக்குள் குறை கண்டறியப்பட்ட குழந்தைகளின் மொழித்திறன், தாமதமாகக் கண்டறியப்பட்டவர்களைவிடத் தெளிவாக மேம்பட்டிருந்ததைக் காட்டியது.

நம் மாநிலத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பங்களின் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி இலவசமாகப் பொருத்தப்படுகிறது. முதல் வகுப்பில் நாம் கண்டறியும்போது அந்த வாசல் ஏறக்குறைய மூடியிருக்கும். கருவி மட்டும் போதாது. தொடர்ந்த பேச்சுப் பயிற்சியும் வேண்டும். 1969-இல் சென்னையில் தொடங்கப்பட்ட பால வித்யாலயா, தாய்மாரையும் வகுப்பில் அமர்த்தி, காது கேளாத சிறு குழந்தைகளைப் பேச வைத்து வருகிறது. அங்கு தாயும் ஓர் ஆசிரியரே.

நாம் செய்யக்கூடியவை

நம் மாணவர்கள் பலரின் வீட்டில் கைக்குழந்தை உண்டு. பெற்றோர் கூட்டத்திலும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் பத்து நிமிடம் ஒதுக்கி மேற்கண்ட வயதுவாரிக் குறிப்புகளைச் சொல்லலாம். வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் குறை தெரிந்தால், வீட்டில் தம்பி, தங்கை இருக்கிறார்களா என்று கேட்டு அவர்களையும் பரிசோதிக்கச் சொல்லலாம். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் ராஷ்டிரீய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் மருத்துவக் குழுவிடம் சந்தேகமுள்ள குழந்தைகளின் பெயரைத் தரலாம்.

நம் மாவட்டத்தில் கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை (முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி) ஆகியவற்றின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவை அணுகலாம். எங்கு போவது என்று தெரியாத பெற்றோர் 104 எண்ணில் கேட்கலாம்.

பள்ளி வயதில் கண்டறிந்தாலும் கைவிட வேண்டியதில்லை. காது கேட்கும் கருவி, முன் வரிசை இருக்கை, முகம் பார்த்துப் பேசுதல், வட்டார வள மையச் சிறப்பாசிரியரின் உதவி ஆகியவை பெரிதும் பயன்படும். ஆனால் அடுத்த குழந்தையாவது இவ்வளவு தாமதமாக நம்மிடம் வரக் கூடாது. ‘பேசும்போது பேசட்டும்’ என்று ஒரு தாய் சொன்னால், ‘முதலில் காதைப் பார்த்துவிடுங்கள் அம்மா’ என்று சொல்வோம்.