நரம்புவலி மாத்திரையைக் குறைக்கும் நாட்களில்

முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்களில் பலரும் கேட்பது: "வலி தணிந்துவிட்டது, பிரிகாபலின் மாத்திரையை இன்றே நிறுத்திவிடலாமா?" கேள்வியில் நியாயம் உண்டு. தலைசுற்றல், பகல் தூக்கம், கால் வீக்கம், எடை கூடுதல் ஆகியன இம்மருந்தால் வரக்கூடியவையே. இரவில் கழிவறைக்கு எழும் முதியவர் தள்ளாடி விழுவதையே நான் மிகவும் அஞ்சுகிறேன்; குடும்பத்தார் அந்நேரத்தில் உடனிருப்பது நலம்.

ஆயினும் திடீரென நிறுத்தினால் ஓரிரு நாட்களில் உறக்கமின்மை, வியர்வை, குமட்டல், படபடப்பு தோன்றலாம். அரிதாக வலிப்பும் வரலாம். ஆகவே நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் உட்கொள்பவருக்கு, வாரந்தோறும் அந்த அளவில் 50 அல்லது 75 மில்லிகிராம் குறைத்து வருவோம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு.

குறைத்த மறுநாள் தோன்றும் படபடப்பும் உறக்கமின்மையும் பெரும்பாலும் மருந்து விலகுவதன் விளைவு. சில நாட்களில் அடங்கும். அறுவைக்கு முன்பிருந்த அதே வலி, அதே காலில், மின்னலென இறங்கி நீடித்தால் எங்களிடம் தெரிவியுங்கள். பரிசோதித்தபின், தேவையெனில் முந்தைய அளவுக்கே திரும்பிச் சில வாரங்கள் பொறுப்போம். மருந்தையும் அளவையும் தேதியிட்டுக் குறித்து வைத்தால் இதை முடிவு செய்வது எளிது.

காலில் புதிதாகப் பலவீனம், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர் கழிக்க இயலாமை ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் மாத்திரையின் விளைவு என்று காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.