உறங்காமலே ஓர் அறுவை

சாரல் காலம் வந்துவிட்டால் எங்கள் அச்சன்புதூர்ப் பிள்ளைகளுக்குக் குற்றாலம் அடுத்த தெருவாகிவிடும். அருவிக்கரைப் பாறையிலே பாசி, கால் வழுக்கும், விழுகிறவன் இயல்பாகவே கையை ஊன்றுவான், மணிக்கட்டெலும்பு முறியும். மாவுக்கட்டினால் மட்டும் சேராத முறிவாயின், அறுத்துத் தகடு வைத்துத் திருகாணியால் இறுக்க வேண்டும். இத்தகைய சிகிச்சைக்குக் காலையில் மருத்துவமனை புகுந்தவர் பலர் இக்காலத்தில் மாலையே வீடு திரும்புகின்றனர். அவர்களிடம் மயக்க மருத்துவர் வினவுவது இதுதான்: "முழு மயக்கம் தரலாமா, கையை மட்டும் மரக்கச் செய்யலாமா?"

முழு மயக்கத்திலே மூளையே உறங்குகிறது. 1846-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்பார் ஈதரைக் கொண்டு இதைப் பலரறியக் காட்டினார். மறு ஆண்டே குளோரோபார்ம் வந்தது. அதனால் மரணங்களும் நேர்ந்தன. காரணம் காண 1888-லும் 1889-லும் நம் ஐதராபாத்தில் குழுக்கள் அமைந்தன. மூச்சைக் கவனித்தால் போதும் என்றார் அவற்றை நடத்திய லாரி. இதயமும் நேரே தாக்கப்படலாம் என்பது பிற்கால ஆராய்ச்சியில் தெளிவாயிற்று. இன்று மூச்சு, நாடி, இரத்த அழுத்தம், இரத்தத்தின் பிராணவாயு ஆகிய எல்லாமே தொடர்ந்து கவனிக்கப்படுகின்றன.

மூளையை உறங்கவைக்காமல், வலிச்செய்தி செல்லும் வழியை மட்டும் அடைத்தால் என்ன? ஜெர்மானியரான ஆகஸ்ட் பியர் 1898-இல் முதுகின் தண்டுநீரில் மருந்து செலுத்திக் கால்களை மரக்கச் செய்தார். அவரும் உதவியாளரும் தம் உடல்களிலேயே சோதனை செய்துகொண்டனர். மரத்துப்போன உதவியாளரின் காலெலும்பைச் சுத்தியால் தட்டியும் வலிக்கவில்லை. மறுநாள் இருவருக்குமே கடுந்தலைவலி! இன்றைய மெல்லிய ஊசியால் அத்தலைவலி பெரிதும் குறைந்துவிட்டது. முதுகில் ஊசி போட்டால் ஆயுள் முழுதும் முதுகுவலி என்று நம் ஊர்ப்புறத்தில் ஒரு பேச்சு உண்டு. ஊசி இறங்கிய இடம் சில நாள் நோகலாம். அதற்கு மேற்பட்ட அச்சத்துக்கு ஆராய்ச்சியில் ஆதாரமில்லை. ஆனால், கால் வலிமை மீண்டு, சிறுநீரும் கழிந்த பின்னரே வீட்டுக்கு விடுவார்கள். ஆகவே சற்றுத் தாமதமாகும்.

கைக்கு வேறு வழிகள் உள. 1908-இல் அதே பியர் கண்டது ஒன்று: கையின் இரத்தத்தை வடியச்செய்து, மேற்கையில் பட்டையை இறுக்கி, சிரையினுள் மருந்தைச் செலுத்துவது. இது சிறு அறுவைக்கே ஏற்றது. பட்டையை அவசரப்பட்டு அவிழ்த்தால் மருந்து இதயத்துக்கு விரையும். தகடு வைக்க, காறையெலும்பின் அருகிலோ அக்குளிலோ நரம்புக் கற்றையை ஒலியலைக் கருவியால் கண்டு, அதனைச் சூழ மருந்திடுவது வழக்கம். நோயாளி விழித்தே இருக்கலாம். விரும்பினால் சிறிது தூக்கமருந்தும் பெறலாம். குமட்டல் குறைவு, அறுவைக்குப் பின்னும் பல மணி நேரம் வலியில்லை. என் மனம் இதன் பக்கமே சாய்கிறது. எனினும் அஞ்சி நெளியும் சிறுவனுக்கு முழு மயக்கமே தக்கது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர் அதனை முன்னரே சொல்லியாக வேண்டும்.

எவ்வழியாயினும் வயிறு காலியாயிருத்தல் வேண்டும். மயக்கத்தில் உணவு மேலெழுந்து நுரையீரலுள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. கையை மட்டும் மரக்கச் செய்தாலும், அது போதாதபோது முழு மயக்கம் தர நேரலாம். பொதுவாக, இட்லி போன்ற எளிய உணவுக்கும் பாலுக்கும் 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி கேட்பார்கள். பிள்ளை பசியோடிருக்கிறானே என்று பாட்டி இரக்கத்தோடு புகட்டும் காப்பியிலும் பால் இருக்கிறது, அது தண்ணீராகாது. குடித்திருந்தால் மறைக்காமல் கூறிவிடுங்கள். அறுவை சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவே.

வீடு திரும்புகையில் துணைக்கு ஒருவர் வேண்டும். மயக்கமோ தூக்கமருந்தோ பெற்றவர் ஒரு நாள் வண்டி ஓட்டலாகாது. மரத்த கைக்குச் சூடு தெரியாது. அடுப்பையும் வெந்நீரையும் அணுகவிடாதீர்கள். மருந்தின் வேகம் நள்ளிரவில் தணியக்கூடும். அப்பொழுது வலி திடீரெனக் கிளம்பும். ஆதலால் மருத்துவர் தந்த வலிமாத்திரையை, கை மரத்திருக்கும்போதே, படுக்கைக்குப் போகுமுன் கொடுத்துவிட வேண்டும்.