மக்காத மரச்சக்கரம்

ஒரு மரக்கட்டையைத் தோட்டத்து ஈரத்தில் போட்டு வையுங்கள். சில வருடங்களில் தொட்டாலே உதிர்ந்துவிடும். ஆனால், ஏறத்தாழ 2000 ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்த ஒரு மரச்சக்கரத்தின் பகுதியை லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்!

அது கிடைத்த இடம் ஸ்பெயினின் தென்பகுதியில் உள்ள ரியோ டின்டோ. அங்கே ரோமானியர்கள் வெள்ளியும் செம்பும் வெட்டி எடுத்தார்கள். ஆழம் போகப் போக ஊற்றுநீர் சுரந்து சுரங்கத்தை நிரப்பும். இறைக்காவிட்டால் வேலை நடக்காது. மோட்டார் இல்லாத காலத்தில் என்ன செய்வது?

சக்கரத்தின் விளிம்பைச் சுற்றிலும் மரப்பெட்டிகளைப் பொருத்தினார்கள். தொழிலாளர்கள் விளிம்பைக் காலால் மிதிப்பார்கள். சக்கரம் சுற்றும். அடியில் நீரை மொண்ட பெட்டி, உச்சிக்குப் போனதும் பக்கவாட்டில் ஒரு தொட்டியில் கொட்டும். அந்தத் தொட்டியிலிருந்து அடுத்த சக்கரம் மொண்டு இன்னும் மேலே ஏற்றும். ஓரிடத்தில் இப்படி இரண்டிரண்டாக எட்டு அடுக்கில் 16 சக்கரங்கள் இருந்தன. தண்ணீர் சுமார் 30 மீட்டர் ஏறியது. பத்து மாடி உயரம், வெறும் கால்பலத்தில்!

இவ்வளவு பெரிய சக்கரம் குறுகலான சுரங்கத்துக்குள் எப்படிப் போனது? அதன் துண்டுகளில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மேலேயே செய்து, துண்டு துண்டாக இறக்கி, எண்ணைப் பார்த்து உள்ளே கோத்திருக்க வேண்டும். அந்தத் தச்சரை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

சரி, மரம் ஏன் மக்கவில்லை? மரத்தைத் தின்பவை பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும். நீர் நிறைந்த சுரங்கத்தில் அவற்றுக்கு வேண்டிய காற்று மிகக் குறைவு. போதாததற்கு அந்த நீரில் செம்பு கரைந்திருந்தது. பயிரில் பூஞ்சை வந்தால் விவசாயிகள் மயில்துத்தம் கலந்து தெளிப்பார்கள், தெரியுமா? அதுவும் செம்பு உப்புதான். வேலையைக் கெடுத்த அதே தண்ணீர்தான் சக்கரத்தைக் காப்பாற்றியது.

சக்கரத்தை மிதித்தவர்கள் யார்? அவர்கள் பெயர் தெரியாது. ஆனால் ருமேனியாவில் ரோஷியா மொன்டானா என்ற இடத்து ரோமானியத் தங்கச் சுரங்கங்களுக்குள் மெழுகு பூசிய மரப்பலகைகள் கிடைத்தன. எழுத்தாணியால் கீறி எழுதியவை. அவற்றில் ஒன்று, கி.பி. 164இல் மெம்மியுஸ் என்ற தொழிலாளி செய்துகொண்ட ஒப்பந்தம். மே 20 முதல் நவம்பர் 13 வரை வேலை. கூலி 70 தெனாரி வெள்ளிக்காசுகள். அவருக்கு எழுதத் தெரியாது. அவர் கேட்டுக்கொண்டதால் வேறொருவர் எழுதிக் கொடுத்தார் என்ற விவரமும் அதிலேயே இருக்கிறது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. சுரங்கத்தில் நீர் புகுந்து வேலை தடைப்பட்டால், அந்த நாட்களுக்கு ஏற்பக் கூலி கழிக்கப்படும்.