கிரஷரின் வயிற்றுக்குள் எட்டிப் பார்ப்போமா?

ஓடிக்கொண்டிருக்கும் கோன் கிரஷரின் வாயில் எட்டிப் பார்த்தால் புழுதிதான் தெரியும். மேலே பாறாங்கல் விழுகிறது, கீழே ஜல்லி கொட்டுகிறது. நடுவில் நடக்கிற அத்தனை கூத்தும் தடித்த மாங்கனீசு எஃகுச் சுவர்களுக்குள்ளே! அதைப் பார்த்தே தீருவது என்றுதான் கிரஷரையே கணினிக்குள் கட்டி ஓட்டுகிறார்கள். அந்தத் திரைக்குப் பின்னால் நுழைந்தால் இன்னும் பெரிய வேடிக்கை.

இதற்கெல்லாம் அடிப்படை, பீட்டர் கண்டாலும் ஓட்டோ ஸ்ட்ராக்கும் 1979-இல் வெளியிட்ட கணக்கு முறை. கற்குவியலை மொத்தமாகப் பார்க்காதே, ஒவ்வொரு துகளையும் தனித்தனியாகத் துரத்து என்கிறது அது. இரண்டு துகள் தொட்டால் நடுவில் ஒரு கற்பனை ஸ்பிரிங். துள்ளலை அடக்க ஒரு தணிப்பான். விசை எவ்வளவு என்று கணக்கிட்டு, நியூட்டன் சொன்னபடி துகளை இம்மி நகர்த்து. மறுபடி யார் யாரைத் தொடுகிறார்கள் என்று பார். ஒவ்வொரு நகர்த்தலும் மைக்ரோவினாடிக் கணக்கில்தான். திரையில் கிரஷர் ஒரே ஒரு வினாடி ஓட, லட்சக்கணக்கான முறை இதைச் செய்தாக வேண்டும்!

சரி, கணினியில் இருப்பவை உருண்டைகள். உருண்டை உடையாதே, பிறகு கல் எப்படி உடைகிறது? எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும் இடம் இதுதான். பொடி உருண்டைகளைப் பொரிவிளங்காய் உருண்டைபோல இறுகப் பிடித்து ஒரு கல்லாக்குகிறார்கள். உருண்டைகளுக்கு நடுவிலுள்ள பிணைப்பு தாங்கும் எல்லை தாண்டியதும் பட்டென்று விடுகிறது, விரிசல் ஓடுகிறது, கல் பிளக்கிறது! விரிசல் எங்கே ஓட வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, அதுவே வழி தேடிக்கொள்கிறது. சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோஹன்னஸ் க்விஸ்ட் இப்படிக் கட்டிய கற்களைத்தான் கோன் கிரஷருக்குத் தீனியாகப் போட்டார்.

இன்னொரு வழி பச்சை ஜாலவித்தை. கல்மேல் போதிய ஆற்றல் விழுந்த கணமே அதை மாயமாக்கிவிட்டு, அதே இடத்தில் குட்டிக் கற்களை வைத்துவிடுகிறார்கள். எத்தனை குட்டி, எந்த அளவு? இதைக் கணினி தானாகச் சொல்லாது, நிஜக் கல்லை உடைத்தால்தான் தெரியும். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஜூலியஸ் க்ருட்ஷ்னிட் கனிம ஆய்வு மையம் உருவாக்கிய சோதனை அதற்குத்தான். 63 மி.மீ. முதல் 13 மி.மீ. வரை ஐந்து அளவுகளில் கற்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றாக வைத்து, மேலிருந்து எடைக்கட்டியைப் போடுகிறார்கள். டமார்! சிதறியதைக் கூட்டிச் சலித்து, மூலக் கல்லின் பத்தில் ஒரு பங்கைவிடச் சிறியதாக எத்தனை சதவீதம் ஆனது என்று எழுதிக்கொள்கிறார்கள். திரையில் வண்ணவண்ணமாகச் சிதறும் கல்லுக்குப் பின்னால் சல்லடையோடு ஒருவர் நிற்கிறார் என்பதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

இவ்வளவும் கைக்கு வந்தபின் விளையாட்டு ஆரம்பம். கிரஷரின் வேகத்தைக் கூட்டினால், கீழே இறங்குவதற்குள் கல் கூடுதல் தடவை நசுங்கும். ஜல்லி பொடிசாகும், ஆனால் மணிக்கு வரும் டன் குறையும். நிஜ கிரஷரில் இதைப் பார்க்க வேலையை நிறுத்திப் புல்லி மாற்ற வேண்டியிருக்கும். இங்கே ஓர் எண்ணை மாற்றிக் கணினியை ஓடவிட்டால், எந்தக் கல் எந்த இடத்தில் எத்தனை கடி வாங்கியது என்பதுவரை எண்ணிப் பார்க்கலாம்!