பந்தியில் ஓர் இலை
வித்தையின் விலை – 9

கடன் வாங்கிப் படிக்கிறவர்களின் கஷ்டத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். காசே வேண்டாம், வந்து படித்தால் போதும் என்று அழைக்கப்படுகிறவர்களுக்கும் ஒரு தர்மசங்கடம் உண்டு என்றால் வாசகர்கள் நம்பத் தயங்கலாம். ஆனால் அமெரிக்காவில் ஒவ்வொரு வசந்த காலத்திலும் எத்தனையோ வீடுகளில் தாய் தகப்பனாருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே நடக்கிற விவாதம் இதைப் பற்றியதுதான்.

பதினோராம் வகுப்பில் எழுதும் ஒரு பரீட்சையில் மிக உயர்ந்த மதிப்பெண் வாங்கி, ‘நேஷனல் மெரிட்’ இறுதிப் பட்டியலில் இடம்பெறும் பிள்ளைகளைத் தேடிப் பிடிப்பதில், தெற்கே அலபாமா சர்வகலாசாலை காட்டும் உற்சாகம் பிரசித்தமானது. படிப்புக் கட்டணம் இல்லை. நான்கு வருஷத்துக்கு விடுதி வாடகை இல்லை. போதாததற்குக் கைச்செலவுக்கும் பணம். இது வெறும் தர்மமன்று. மாகாண அரசின் மானியம் சுருங்கியபோது, வெளி மாகாணத்து மாணவர்களை வரவழைத்து, அவர்கள் தரும் கட்டணத்தால் நிமிர்ந்த ஸ்தாபனம் அது. இன்று அங்கே படிப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வெளியிலிருந்து வந்தவர்களே. கெட்டிக்காரர் சிலரை இலவசமாக வைத்துக்கொண்டால் கௌரவம் உயரும், கௌரவம் உயர்ந்தால் பணம் கொடுத்துப் படிப்பவர்களும் பெருகுவார்கள் என்பது கணக்கு. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

சங்கடம் ஊரின் சுபாவத்தில் இருக்கிறது. சர்வகலாசாலை இருக்கும் டஸ்கலூஸாவின் ஜனத்தொகை சுமார் ஒரு லட்சம். அங்குள்ள பிரையன்ட்-டென்னி விளையாட்டரங்கிலும் ஒரு லட்சம் பேர் உட்காரலாம். இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் அமெரிக்கக் கால்பந்தைத் தவிர வேறு பேச்சில்லை. கிரேக்க எழுத்துக்களைப் பெயராகக் கொண்ட மாணவர் சங்கங்களும் மாணவியர் சங்கங்களும் யார் யாரோடு பழகுவது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. ஸான் பிரான்ஸிஸ்கோவில் புத்தகமும் தானுமாக வளர்ந்த ஒரு பெண், நான்கு வருஷத்தை அங்கே எப்படிக் கழிப்போம் என்று தயங்கினால் அதை அசட்டுத்தனம் என்று தள்ளிவிட முடியாது.

இந்தத் தயக்கத்துக்குப் பின்னால் சரித்திரமும் உண்டு. 1956 பிப்ரவரியில், நீதிமன்றத்தின் ஆணையோடு, ஆதரின் லூஸி என்ற கறுப்பினப் பெண் அங்கே சேர்ந்தார். வகுப்பில் இடம் கொடுத்தார்கள். விடுதியிலும் உணவுக்கூடத்திலும் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் வெறிபிடித்த கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. சர்வகலாசாலை கூட்டத்தை அடக்குவதற்குப் பதிலாக அவரை நிறுத்திவைத்தது, பிறகு நீக்கியே விட்டது. பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்பிவிடுவதைவிடப் பெரிய அவமானம் நம் நாட்டில் கிடையாது. அந்த நாட்டிலும் இருக்க முடியாது. 1963-இல் அலபாமா கவர்னர் வாலஸ் வாசலை மறித்து நின்றதையும் மீறி உள்ளே சென்ற விவியன் மலோன் என்ற கறுப்பின மாணவி இரண்டு வருஷத்தில் பட்டம் பெற்றார். 1988-இல் நீக்க உத்தரவு ரத்தாகி, லூஸி மறுபடியும் சேர்ந்து 1992-இல் முதுகலைப் பட்டம் வாங்கினார். ஆனால் மாணவியர் சங்கங்களில் பல, கறுப்பினப் பெண்களை ஒதுக்கிவந்தது 2013-இல்தான் மாணவர் பத்திரிகையின் மூலம் அம்பலமாகி மாறத் தொடங்கியது.

ஆகவே ஆசாரம் மாறாது என்பது பொய். தானாக மாறும் என்பதும் பொய். அதை மாற்றிய ஒருவர் பட்டத்துக்காக முப்பத்தாறு வருஷம் காத்திருந்தார். அந்தப் பொறுப்பைப் பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில் நாம் சுமத்த வேண்டியதில்லை. அதே சமயம், போய்ப் பாராத பிரதேசத்தைக் கேள்விப்பட்டதைக் கொண்டு வெறுத்து, இருபது வருஷக் கடனைத் தலையில் ஏற்றிக்கொள்வதும் விவேகமாகாது.

எனக்குத் தோன்றும் உபாயம் சிறியது. அழைப்பு வந்ததும் போய்ப் பார்க்கட்டும். பந்தாட்டம் நடக்கும் சனிக்கிழமையில் அல்ல, ஏதாவதொரு செவ்வாய்க்கிழமையில். மத்தியான வேளையில் உணவுக்கூடத்தில் ஓரமாக உட்கார்ந்து, யார் யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறார்கள், தனியாகத் தட்டை ஏந்தி வருகிறவருக்கு யாராவது நகர்ந்து இடம் விடுகிறார்களா என்று பார்க்கட்டும். இலவசமாகப் போட்ட இலையின் மதிப்பு அங்கே தெரிந்துவிடும்.

(தொடரும்)