இறைப்பு இயந்திரம் இயங்க மறுத்தால்

இரவல் காணியில் மிளகாய்க் கன்று நட்டவருக்கு இறைப்பு ஒரு நாள் தவறினாலே பெருங்கவலைதான். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் நோகும், இயந்திரமோ இயங்காது. உடனே அதைத் திருத்துமிடத்துக்குச் சுமந்து செல்லாதீர்கள்.

மண்ணெண்ணெயில் ஓடும் சிறிய இயந்திரங்களில் கோளாறு பெரும்பாலும் முதல்நாள் நிறுத்திய விதத்திலேயே இருக்கிறது. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. அதனால்தான் பெற்றோலில் தொடக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். 1990களின் தடைக்காலத்தில் வடக்கில் பெற்றோலைத் துளித்துளியாக விட்டு இயந்திரங்களைத் தொடக்கியவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் நிறுத்தும்போது மண்ணெண்ணெயிலேயே நிறுத்திவிடுகிறோம். காபரேற்றரில் தேங்கிய அந்த மண்ணெண்ணெய்தான் மறுநாள் காலை நம்மை வாட்டுகிறது. நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் முன்பாகப் பெற்றோலுக்குத் திருப்பிவிடுங்கள். இன்றே மறுக்கிறதென்றால், காபரேற்றர்க் கிண்ணத்தின் அடியாணியைத் தளர்த்தி, தேங்கியதை வடித்துவிட்டுப் பெற்றோலைத் திறவுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் எரிபொருள் மிஞ்சிவிட்டது. துடைத்துக் காயவிட்டு, சோக் போடாமல் இழுங்கள். காய்ந்திருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை. தாங்கியின் வடியும் குழாயும் அடைபட்டனவா என்று பாருங்கள். கரி படிந்திருந்தால் சுரண்டி, முனைகளின் இடைவெளியை ஏறக்குறைய 0.7 மில்லிமீற்றராகச் சரிசெய்யுங்கள். பொறி வருகிறதா என்று பார்ப்பதானால், சிந்திய பெற்றோலை முதலில் துடைத்து, தாங்கியை மூடி, பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். தீக்கு ஒரு துளி போதும்.

ஒயில் மட்டத்தையும் மறவாதீர்கள். ஒயில் குறைந்தால் பொறியைத் தானே தடுத்துவிடும் இயந்திரங்களும் உண்டு. நானும் ஒருமுறை அரை நாள் பிளக்கோடு மல்லுக்கட்டிய பிறகே ஒயில் மூடியைத் திறந்து பார்த்தேன்.